மதம் மாறியதைச் சொல்லித் தீரவேண்டுமா?

மதம் மாறுகின்றவன் தான் மாறிய சங்கதியை ஊரறியச் சொல்லிவிட வேண்டும், சொல்லாமல் மறைக்கின்றவன் மோசக்காரன், இரண்டு இலையிலும் சாப்பிடுகின்றவன் என்பதாக ஒரு பேச்சு நம் நாட்டில் வெகு நாளாக நடந்து வருகின்றது. மரக்காணம் உப்பளத்து டீக்கடையிலும் இதே பேச்சுதான். திண்டிவனம் கோர்ட்டு வாசலிலும் இதே பேச்சுதான். இப்படிச் சொல்லுகின்றவர்களில் இந்து மதாபிமானியும் உண்டு. கிறிஸ்தவப் பாதிரியாரும் உண்டு. மற்ற எந்த விஷயத்திலும் ஒன்றுசேராத இவ்விருவரும் இந்த ஒரு விஷயத்தில் மாத்திரம் ஒரே குரலாய்ப் பேசுவதைக் கண்டவுடனேயே நமக்குச் சந்தேகம் பிறக்க வேண்டாமா என்று கேட்கின்றோம்.

உண்மை பேசுவது நல்லதுதான். அதை மறுக்க நாம் பேனா எடுக்கவில்லை. ஆனால் ஒருவனைப் பார்த்து "உண்மையைச் சொல்" என்று உபதேசிக்கின்ற யோக்கியர், அவன் சொன்ன மறு நிமிஷம் அவனுடைய கையிலிருந்து எதைப் பிடுங்கப் போகின்றார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் உபதேசம் மாத்திரம் செய்வதென்றால், அது வேவு பார்க்கும் காரியமேயல்லாமல் ஒழுக்கம் போதிக்கும் காரியமாகாது.

நமக்குத் தெற்கே, கடற்கரைச் சாலையில் பஸ் ஏறினால் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய புதுச்சேரியில் கிளம்பிய ஒரு வழக்கை எடுத்துக்கொள்ளுவோம். ஒரு பெண். தகப்பனார் வள்ளுவர் வகுப்பு, தாயார் கிறிஸ்தவர். குமாஸ்தா உத்தியோகத்திற்காக அந்தப் பெண் தகப்பனார் வழியில் தாழ்த்தப்பட்ட வகுப்பு சர்டிபிகேட்டுக் கேட்டார். அதிகாரிகள் விசாரித்தார்கள். கைக்குழந்தையாக இருக்கையில் ஞானஸ்நானம் ஆகியிருக்கின்றது, மாதா கோயிலுக்குப் போய் வருகின்றார் என்று எழுதினார்கள். சர்டிபிகேட்டு இல்லை. சென்னை ஐகோர்ட்டும் இல்லையென்றது. 2024 நவம்பர் 26ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டும் இல்லையென்று முடித்துவிட்டது. கிறிஸ்தவராக நடந்துகொண்டு, வேலைக்காக மாத்திரம் இந்து என்று சொல்லிக்கொள்ளுவது அரசியல் சட்டத்தையே ஏய்ப்பதாகும் என்பதும், திரும்பி இந்துவானதற்கு ஊரறிந்த அறிவிப்போ சடங்கோ ஒன்றும் காட்டப்படவில்லை என்பதும் அத்தீர்ப்பின் சாரமாகும்.

நீதிபதிகள் தங்கள் முன் இருந்த சட்டத்தைப் படித்தார்கள், தீர்ப்பெழுதினார்கள். அவர்களோடு நமக்குச் சண்டையில்லை. பால் குடிக்கும் குழந்தையின் தலையில் யாரோ தண்ணீர் ஊற்றினால் அந்தக் குழந்தையின் ஜாதி இழிவு கழுவப்பட்டுப் போய்விட்டதாக ஒரு சட்டம் எண்ணுகின்றதே, அந்தச் சட்டத்தோடுதான் நமது சண்டை. அவ்வளவு வல்லமை அந்தத் தண்ணீருக்கு இருக்குமானால், நாமே பீப்பாய் பீப்பாயாக வாங்கி வந்து சேரிதோறும் ஊற்றிவிட மாட்டோமா?

அந்தச் சட்டம் வேறொன்றுமில்லை. 1950 ஆகஸ்டு 10ஆம் தேதி ராஷ்டிரபதி பெயரால் பிறந்த தாழ்த்தப்பட்ட ஜாதிகள் உத்தரவு. அதில் மூன்றாவது பாரா, இந்து மதத்தைத் தவிர வேறு மதத்தைச் சேர்ந்த எவரையும் தாழ்த்தப்பட்ட ஜாதியாகக் கருதக்கூடாது என்றது. 1956இல் சீக்கியருக்கும், 1990இல் பௌத்தருக்கும் கதவு திறந்தார்கள். மற்றவர்களுக்கு அது இன்னும் மூடியே கிடக்கின்றது. தீண்டாமை இந்து மதத்தின் நோய், அந்த மதத்தை விட்டுப் போனவனுக்கு நோயும் போய்விட்டது என்று சமாதானம் சொன்னார்கள். அப்படியானால் சீக்கியனுக்கும் பௌத்தனுக்கும் எதற்குக் கொடுத்தார்கள்? அங்கேயும் நோய் கூடவே போயிற்று என்பதை ஒப்புக்கொண்டல்லவா கொடுத்தார்கள்? பஞ்சாபுக்குப் போன நோய் மாதா கோயில் வாசலில் மாத்திரம் நின்றுவிடுமா? இந்த மூன்றாவது பாராவை எடுத்துவிட வேண்டுமென்று ரங்கநாத் மிஸ்ரா கமிஷன் 2007இலேயே எழுதிக் கொடுத்தது. 2004இல் தொடுத்த வழக்கு இருபது வருஷம் கடந்தும் முடியவில்லை. 2022இல் இன்னொரு கமிஷன் போட்டார்கள். கமிஷன்களுக்குப் பஞ்சமில்லாத தேசம் நம் தேசம்.

சென்னையில் தெருவோரத்தில் உட்கார்ந்து செருப்புத் தைத்துப் பிழைத்த ஒரு தோழரின் கதையைக் கேளுங்கள். ஆதித்திராவிடர், கிறிஸ்தவராக மாறினவர். செருப்புத் தைப்பவர்களுக்குச் சர்க்கார் இனாமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. அவரோடு அதே தெருவோரத்தில் அதே வெயிலில் அதே தோலைத் தைத்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கிடைத்தது; அவருக்குக் கிடைக்கவில்லை. காரணம், அவர் கிறிஸ்தவர். சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போனார். கிறிஸ்தவ சமூகத்திலும் அதே அளவுக்கு இழிவும் கஷ்டமும் இருப்பதாகப் போதிய ஆதாரம் காட்டப்படவில்லை என்று 1985இல் தள்ளிவிட்டார்கள். தோழர்களே! ஊசி பிடித்த கையைக் காட்டிலும் வேறென்ன ஆதாரத்தை அவர் கொண்டுபோய்க் காட்டியிருக்க வேண்டும்? அவர் செய்த குற்றமெல்லாம், உபதேசிகள் கேட்கின்றபடி மதத்தை மறைக்காமல் சொன்னதுதான்.

தமிழ்நாட்டில் இப்படி மாறினவர்களைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் போட்டிருக்கின்றார்களே, ஒன்றுமே இல்லாமல் விட்டுவிடவில்லையே என்று சிலர் சொல்லுவார்கள். வாஸ்தவம். 18 சதவிகிதத்தில் தன்னைப் போன்றவனோடு போட்டி போட்டவனை, 26.5 சதவிகிதத்தில் நிலமும் கடையும் வைத்திருக்கின்றவனோடு ஓடவிட்டிருக்கின்றார்கள். அதைக்கூட விடுங்கள். உத்தியோகம் நம்மில் எத்தனை பேருக்குக் கிடைக்கப் போகின்றது? 1989ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கின்றதே, அதுவும் அவனுக்குப் போய்விடுகின்றது. 2013 ஏப்ரல் 25ஆம் தேதி நம் மரக்காணத்தில் ஆதித்திராவிடர் குடிசைகள் கொளுத்தப்பட்டதை இங்கே யாரும் மறக்கவில்லை. கொளுத்த வந்தவன் ஞானஸ்நானப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டா கூரை கூரையாகப் பார்த்து வந்தான்? கொள்ளிக்கட்டைக்குத் தெருவின் பெயர் போதும். ஆனால் புகார் கொடுக்கப் போகின்ற இடத்தில் மாத்திரம் "நீ இந்துவா கிறிஸ்தவனா?" என்ற கேள்வி வந்துவிடுகின்றது. இந்த நிலைமையில் ஒருவன் தன் மதத்தை வாய்விட்டுச் சொல்லாவிட்டால் அவனை மோசக்காரன் என்பதா, அல்லது அவனை மறைக்கும்படி செய்த சட்டத்தை மோசச் சட்டம் என்பதா?

நிற்க, இது சர்க்கார் சட்டத்தில் உள்ள கோளாறு, மதங்கள் தங்களுக்குள்ளே நியாயமாகத்தான் நடந்துகொள்ளுகின்றன என்று யாராவது சமாதானம் சொல்லக்கூடும். அதற்காக, நம்மில் பலர் கண்ணால்கூடக் கண்டிராத ஒரு மதத்தை எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

யூத மதம் ஆள் பிடிக்கின்ற மதமல்ல. தானாக வருகின்றவனையும் சுலபத்தில் சேர்க்காது. மூன்று பேர் கொண்ட சபை விசாரிக்கும், ஆணுக்குச் சுன்னத்து, பிறகு நீரில் முழுக்கு. முழுகி எழுந்தவன் யூதன். அதற்குப் பிறகு அவனுடைய பழைய கதையைக் கிளறக்கூடாது என்று, கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற அவர்களுடைய சட்ட நூல் தடுக்கின்றது. மதம் புகுந்தவனுடைய பிள்ளையைக்கூட அவன் முன்னோர்களின் காரியத்தைச் சொல்லிக் குத்திக்காட்டக் கூடாதாம். இந்த விதியை எங்கே வைத்திருக்கின்றார்கள் என்பதுதான் வேடிக்கை. பூஜை புனஸ்காரத்தைப் பற்றிய இடத்தில் அல்ல. வாங்கல் விற்றலில் ஏமாற்றுவதைப் பற்றிய அத்தியாயத்தில்! விலையில் ஏமாற்றுவது எப்படிக் குற்றமோ, வார்த்தையால் ஒருவனை நோகச் செய்வதும் அப்படியே குற்றம் என்று சேர்த்து வைத்திருக்கின்றார்கள். உப்பு மூட்டைக்கு எடை போடுகின்ற தரகனை அறிந்த நம் தோழர்களுக்கு இதற்கு வியாக்கியானம் தேவையில்லை. 12ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த மைமோனிடீஸ் என்ற பெரிய யூத பண்டிதரிடம், புதிதாக மதம் புகுந்த ஒருவர், ஜபத்தில் "எங்கள் முன்னோரின் கடவுளே" என்று நானும் சொல்லலாமா என்று எழுதிக் கேட்டார். தாராளமாகச் சொல்லலாம், உமக்கும் எமக்கும் வித்தியாசமில்லை என்ற கருத்தில் அவர் பதில் எழுதினார். நாம் எந்த மதத்தையும் மெச்ச வந்தவர்களல்ல. ஆனாலும் நல்ல விதியை நல்ல விதி என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் அங்கேயும் ஒரு ஓட்டை இருக்கின்றது. யூதர்களில் கொஹேன் என்ற புரோகித வமிசம் ஒன்று உண்டு. அந்த வமிசத்து ஆண், மதம் புகுந்து வந்த பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது என்பது அவர்களுடைய பழைய சட்டம். ஆகவே அவ்விடத்தில் மாத்திரம் அந்தப் பெண் தான் வந்த வழியைச் சொல்லித் தீரவேண்டும். பார்த்தீர்களா? எல்லோரும் சமம், யாரும் கேட்காதே என்று எழுதிக்கொண்டே வந்தவர்கள், புரோகிதன் வீட்டு வாசலுக்கு வந்தவுடனே "நீ யார் பெண்?" என்று கேட்டுவிட்டார்கள். உலகத்தில் எந்த மூலையானால் என்ன, புரோகிதனுக்கென்று ஒரு வமிசம் இருக்குமானால் இந்தக் கேள்வியும் கூடவே இருக்கும்.

சரி, அந்த நல்ல விதியாவது நம் தேசத்திற்கு வந்தபோது என்னவாயிற்று? கொச்சியில் மட்டாஞ்சேரி என்ற இடத்தில் 1568இல் கட்டின யூதர் கோயில் இருக்கின்றது. பரதேசி யூதர் கோயில் என்று பெயர். பரதேசி என்றால் வெளிதேசத்திலிருந்து வந்தவர் என்று அர்த்தம். பிச்சைக்காரர் அல்ல, பணக்கார வியாபாரிகள். அவர்களிடத்தில் அடிமைகள் இருந்தார்கள். யூதச் சட்டப்படி முழுக்குச் செய்வித்த அடிமையை விடுதலை செய்துவிட்டால் அவன் முழு யூதன். ஆனால் கொச்சியிலோ, விடுதலையானவனுக்கும் அவன் பிள்ளைக்கும் பேரனுக்கும் "மெஷுஹ்ராரிம்", அதாவது விடுவிக்கப்பட்டவர்கள், என்று ஒரு பெயர் வைத்து அதை ஜாதியாக்கிவிட்டார்கள். மற்றவர்களோடு சமமாக உள்ளே உட்காரக் கூடாது. வேத சுருளை ஓத அழைக்க மாட்டார்கள். கொள்வினை கொடுப்பினை கிடையாது. 16ஆம் நூற்றாண்டில் கொச்சி யூதர்களின் இந்த ஜாதித் தகராறு கெய்ரோ வரைக்கும் போயிற்று. அங்கேயிருந்த டேவிட் இப்னு அபி சிம்ரா என்ற பண்டிதர், ஒரு முழுக்கோடு எல்லாம் தீர்ந்தது, பிறகு எல்லோரும் சமமே என்ற கருத்தில் தீர்ப்பு அனுப்பினார். தீர்ப்பு கப்பலில் வந்து சேர்ந்தது. அதைக் கேட்கத்தான் ஆளில்லை. மலையாளத்துக் காற்றைக் குடித்தவர்களுக்குக் கெய்ரோத் தீர்ப்பு எப்படி ருசிக்கும்?

அந்த விடுவிக்கப்பட்டவர்களின் சந்ததியில் 1882இல் பிறந்தவர் ஏ.பி. சேலம் என்பவர். பட்டம் பெற்ற வக்கீல். கொச்சி சட்டசபையில் அங்கத்தினராக இருந்தவர். சட்டசபையில் நாற்காலி கிடைத்தவருக்குக் கோயிலில் சமமாய் உட்கார இடம் கிடைக்கவில்லை. மனுப் போட்டுப் பார்த்தார். பிறகு கோயிலிலேயே சத்தியாக்கிரகம் செய்தார். வருஷக்கணக்கில் மல்லுக்கட்டின பிறகுதான் ஒவ்வொன்றாக இறங்கி வந்தார்கள். 1950இல் அவருடைய மகனுக்கும் ஒரு பரதேசி யூதக் குடும்பத்துப் பெண்ணுக்கும் கல்யாணம் நடந்தபோதுகூட மட்டாஞ்சேரியில் அதற்கு இடமில்லை. பம்பாய்க்குப் போய்ச் செய்துகொண்டார்கள். சேலம் 1967இல் இறந்தார். கொச்சி யூதர்களில் மிகப் பலர் அதற்கு முன்பே இஸ்ரேல் தேசத்திற்குக் கப்பலேறிவிட்டார்கள்; உட்கார இடம் தராத பெஞ்சிகள் உட்கார ஆளில்லாமல் கிடந்தன.

இதிலே நாம் கவனிக்க வேண்டிய விஷயம் என்னவென்றால், கொச்சியில் எவரும் சேலத்தின் பாட்டனாரைப் பார்த்து "நீ எப்படி வந்தாய், சொல்லு" என்று கேட்கவேயில்லை. கேட்கத் தேவையிருக்கவில்லை. ஜாதியுள்ள ஊரில் ஒருவன் தன்னைப் பற்றிச் சொல்லுவதும் சொல்லாததும் அவன் கையிலா இருக்கின்றது? அவன் வாய் திறப்பதற்கு முன்னாலே அவன் தெருவும் தொழிலும் சொல்லிவிடுகின்றன. நம் பக்கத்துக் கிறிஸ்தவத்தைப் பாருங்கள். அப்போது விழுப்புரம் ஜில்லாவில் இருந்த இறையூரில் 2008 மார்ச்சு மாதத்தில், ஒரே மாதாவைக் கும்பிடுகின்ற வன்னியக் கிறிஸ்தவருக்கும் ஆதித்திராவிடக் கிறிஸ்தவருக்கும் தகராறு முற்றி, போலீசார் சுட்டு இரண்டு உயிர் போயிற்று. திருச்சியில் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்திற்கு நடுவில் ஜாதிச் சுவர் எழுப்பி, செத்தவனைக்கூடத் தெருப் பிரித்துப் புதைத்தார்கள். "ஏன் வெளிப்படையாகக் கிறிஸ்தவன் என்று சொல்லிக்கொள்ளாமல் கோழையாயிருக்கின்றான்?" என்று கேட்கின்ற பாதிரியார், முதலில் அந்தச் சுவரை இடிக்கக் கடப்பாரை எடுத்துக்கொண்டு வரட்டும்.

யூத விஷயத்தை விடுவதற்கு முன் இன்னொன்று. ஆந்திராவில் குண்டூர் ஜில்லா சேப்ரோலுக்குப் பக்கத்தில் கொத்தரெட்டிப்பாலம் என்ற கிராமத்தில், மாதிகர் என்ற தாழ்த்தப்பட்ட வகுப்பில் சில குடும்பத்தார் 1990களின் துவக்கத்திலிருந்து யூத முறைப்படி கோயில் வைத்து ஓய்வுநாள் அனுசரித்து வருகின்றார்கள். அவர்கள் தாங்கள் மதம் மாறினதாகச் சொல்லுவதில்லை. காணாமற்போன பழைய யூத கோத்திரத்தின் பிள்ளைகள், திரும்பி வந்திருக்கின்றோம் என்கின்றார்கள். அந்தப் பூர்வீகக் கதையை நாம் நம்பவேண்டியதில்லை. ஆனால் இரண்டு பக்கமும் அவர்களுக்கு இடி என்பது மாத்திரம் நமக்குத் தெரிகின்றது. சர்க்கார் பாரத்தில் "யூதன்" என்று எழுதினால் 1950ஆம் வருஷத்து உத்தரவுப்படி தாழ்த்தப்பட்டவனுக்குரிய பாதுகாப்புப் போய்விடும். எழுதாவிட்டாலோ, "பாரத்தில் இந்து என்றிருக்கின்றதே, நீ எப்படி யூதன்?" என்று வெளிதேசத்தார் கேட்பார்கள். சொல்லு சொல்லு என்கின்ற உபதேசிகள் அந்தக் கிராமத்துக் கூலியாளுக்கு எந்தப் பதிலைச் சொல்லிக் கொடுப்பார்கள்?

இது போதாதென்று இப்போது சொல்லாமலிருப்பதையே குற்றமாக்குகின்ற சட்டங்கள் கிளம்பியிருக்கின்றன. உத்தரப் பிரதேசத்தின் 2021ஆம் வருஷத்துச் சட்டப்படி, மாறப்போகின்றவன் 60 நாளைக்கு முன்பே ஜில்லா மாஜிஸ்திரேட்டுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும், மாறின பிறகும் 60 நாளைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும், அதை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவார்கள், ஆட்சேபணை கேட்பார்கள். ஆனால் முன்பிருந்த மதத்திற்கே திரும்பி வருவானானால் அது மதமாற்றமே அல்லவாம்! போவதற்கு மாத்திரம் சுங்கம், வருவதற்கு இல்லை. எந்த மதத்தின் சௌகரியத்திற்காக இந்தக் கேட்டை வைத்திருக்கின்றார்கள் என்பதற்கு இதைக் காட்டிலும் அத்தாட்சி வேண்டுமா? நம் மாகாணத்திலும் 2002இல் இப்படியொரு சட்டம் வந்தது. மதம் மாற்றுகின்றவர் ஜில்லா அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டுமென்றது. 2004இல் வாபஸ் வாங்கப்பட்டது. இமாசலப் பிரதேசத்தில் முன்னறிவிப்புக் கேட்ட பிரிவை அந்த மாகாண ஐகோர்ட்டு 2012இல் அடித்துப்போட்டது. ஒருவனுடைய நம்பிக்கை அவனுக்குச் சொந்தமானது, அதை வெளியிடாமலிருப்பதும் அவனுடைய உரிமை என்ற கருத்தில் அத்தீர்ப்பு இருந்தது. உடனே அடங்கிவிட்டார்களா? 2019இல் புதுச் சட்டம் போட்டு முன்னறிவிப்பைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள்.

அப்படியானால் யாரிடத்திலுமே சொல்ல வேண்டாமா என்றால், ஒருவரிடத்தில் சொல்லித்தான் தீரவேண்டும். அது கல்யாணம் செய்துகொள்ளப் போகின்றவரிடத்தில். இதிலே நமக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. ஆந்திராவில் ஒருவர் தாம் கிறிஸ்தவர் என்பதை மறைத்து இந்துப் பெண்ணுக்குக் கோயிலில் தாலி கட்டினார் என்பது வழக்கு. 2008இல் சுப்ரீம் கோர்ட்டு, இந்து விவாகச் சட்டப்படி இந்துவுக்கும் கிறிஸ்தவருக்கும் நடந்த கல்யாணம் செல்லவே செல்லாது என்று தீர்த்துவிட்டது. ஐயர் வைத்துச் செய்துகொண்டவர்களுக்கு மாத்திரம் உள்ள ஆபத்தல்ல இது. நம் தோழர்கள் மாலை மாற்றிச் செய்துகொள்ளுகின்ற சுயமரியாதைக் கல்யாணத்திற்கு 1967ஆம் வருஷத்துச் சட்டம் கொடுத்த 7-ஏ பிரிவும், இரண்டு இந்துக்களுக்குள் நடக்கும் கல்யாணத்தைத்தான் பேசுகின்றது. மாப்பிள்ளை ரகசியக் கிறிஸ்தவராயிருந்து பின்னால் வெளிப்பட்டால், நடுத்தெருவில் நிற்கப் போகின்றவள் அந்தப் பெண். ஆகவே அவளிடத்தில் முன்கூட்டியே சொல்லிவிட்டு, இருவருமாக 1954ஆம் வருஷத்துத் தனி விவாகச் சட்டப்படி ரிஜிஸ்தர் செய்துகொள்ளுவதே யோக்கியமான காரியம். அங்கேயும் 30 நாள் நோட்டீஸ் ஒட்டுகின்ற இடைஞ்சல் உண்டு; அதற்குள் சொந்தக்காரன் கம்பெடுத்துக்கொண்டு வருகின்ற ஆபத்தும் உண்டு. அதைத் துணைக்கு நின்று பார்த்துக்கொள்ள வேண்டியது நம்முடைய வேலை.

மற்றபடி உத்தியோகஸ்தனுக்கும் ஊராருக்கும் பாதிரிக்கும் சங்கராச்சாரிக்கும் இதில் என்ன கணக்கு பாக்கியிருக்கின்றது?

கடைசியாக, நம்மைப் பற்றியும் கொஞ்சம் பேசிக்கொள்ளுவோம். நம் கூட்டத்திற்கு வருகின்ற சேரித் தோழர்களில் எத்தனையோ பேர் கோயில் வாசலை மிதித்து முப்பது வருஷமாயிற்று. திதி கிடையாது, திருநீறு கிடையாது. அவர் பிள்ளைக்கு சர்டிபிகேட்டு வாங்கத் தாலுகாக் கச்சேரிக்குப் போனால் மத கட்டத்தில் என்ன எழுதுகின்றார்? "இந்து" என்றுதான் எழுதுகின்றார். எழுதாமல் என்ன செய்வார்? 2019இல் திருப்பத்தூரில் ஒரு வக்கீல் பெண்மணி ஜாதியுமில்லை, மதமுமில்லை என்று சர்க்காரிடத்திலேயே சர்டிபிகேட்டு வாங்கினார். பாராட்டத்தக்க காரியம். ஆனால் உப்புப் பாத்தியில் கால் வெடித்து நிற்கின்றவனுடைய பிள்ளை அப்படியொரு சர்டிபிகேட்டு வாங்கினால், ஜாதியில்லை என்று எழுதிக் கொடுத்தவன் தாழ்த்தப்பட்ட ஜாதிக்குரிய பாதுகாப்பைக் கேட்க முடியாமற்போய்விடும். பிறகு ரகசியக் கிறிஸ்தவனை மாத்திரம் மோசக்காரன் என்று நம்மில் சிலர் ஏசுவது எந்த நியாயம்? அவன் கும்பிடுவதை மறைக்கின்றான். இவர் கும்பிடாததை மறைக்கின்றார். இருவரையும் ஒரே கட்டத்தில் ஒரே பொய்யை எழுத வைக்கின்ற கை ஒன்றுதானே?

ஜாதிக் கணக்கோடு சேர்த்து ஜனத்தொகை எடுக்கப்போவதாக 2025இல் சர்க்கார் அறிவித்திருக்கின்றது. 2027ஆம் வருஷக் கணக்கு. 2011இல் கணக்கெடுத்தபோது, இந்து, சீக்கியம், பௌத்தம் என்ற மூன்றிலொன்றைச் சொன்னவனை மாத்திரமே தாழ்த்தப்பட்ட ஜாதியில் எழுதினார்கள். மூன்றாவது பாரா இருக்கின்ற வரையில் இனியும் அப்படித்தான் எழுதுவார்கள். ஆகவே நம் தோழர்கள் செய்ய வேண்டியது, அடுத்த வீட்டுக்காரன் ஞாயிற்றுக்கிழமை எங்கே போகின்றான் என்று எட்டிப் பார்ப்பதல்ல. ஓட்டுக் கேட்க வருகின்றவர் எந்தக் கட்சியானாலும் சரி, அந்தப் பாராவை எடுக்க டெல்லியில் கை தூக்குவாரா மாட்டாரா என்று அவர் வாயால் சொல்லச் சொல்லுங்கள்.